கருவி கொடுத்தால் போதாது, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணும் காதும் ஒருசேரப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் அதிகம் தொடாத விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் முக்கால்வாசி காது மெஷின், காதுக்குள் அறுவை செய்து பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட், பிரெய்ல் கருவி என்று கருவிகளைச் சுற்றியே போய்விட்டது. பெற்றோருக்கென்று வந்தது 'பொறுமை தேவை' என்ற ஒரே வரிதான். அப்படி ஒரு பெண் குழந்தையின் அப்பாவாகச் சொல்கிறேன்: எங்களிடம் பொறுமைக்குப் பஞ்சமில்லை. பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

காது கேட்காத பிள்ளை கண்ணால் சமாளித்துக்கொள்ளும். கண் தெரியாத பிள்ளை காதால் சமாளித்துக்கொள்ளும். இரண்டுமே குறைந்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பார்வையோ கொஞ்சம் கேட்கும் திறனோ மிச்சம் இருக்கும் என்பது உண்மைதான். என் மகளுக்கும் ஜன்னல் வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "தெரியுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி தேடி அலைந்தபோது பார்வையற்றோர் பள்ளி ஒன்றில், காது கேட்காத பிள்ளைக்குப் பாடம் நடத்த ஆசிரியர் இல்லை என்றார்கள். செவித்திறன் குறைந்தோர் பள்ளியில், "நாங்கள் சைகையில் நடத்துகிறோம், இவளுக்கு அது தெரியாதே" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் சிக்கல். ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, கல்வி பற்றிய 24ஆவது பிரிவில் இந்தப் பிள்ளைகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அவரவருக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் தனி இடம் இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைக் கவுன்டரில் இன்னும் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டு வரிசைதான்.

கற்றுக்கொடுப்பது என்று எதைச் சொல்கிறேன்? தூங்கி எழுந்த பிள்ளையைத் தூக்குவதையே எடுத்துக்கொள்வோம். நாம் வரும் காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்காது, உருவமும் தெரியாது. எங்கிருந்தோ இரண்டு கைகள் வந்து அந்தரத்தில் தூக்குகின்றன. அவள் திமிறி அழுதால் 'பிடிவாதம்' என்று பெயர். வீட்டுக்கு வந்த ஒரு சிறப்பு ஆசிரியைதான் முறையைக் காட்டினார். முதலில் தோளில் கை வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு என் வாட்ச் பட்டையை அவள் தடவிப் பார்க்க விட வேண்டும். வந்திருப்பது அப்பா என்பதற்கு அதுதான் அடையாளம். குளிக்கப் போகிறோம் என்றால் துண்டின் ஓரத்தை அவள் கையில் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் தூக்க வேண்டும். சில வாரங்களில் அழுகை போய், துண்டைத் தொட்டதும் அவளே கைகளை உயர்த்த ஆரம்பித்தாள்.

இன்னொன்றும் சொன்னார். எதையாவது காட்ட வேண்டுமென்றால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. நம் கை அடியில், அவள் கை மேலே. நம் கை போகும் இடத்துக்கு அவள் கையும் கூட வரும். பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதும் பேசுவதும் கையால்தான். அதை இறுகப் பிடிப்பது, பேசுகிறவர் வாயைப் பொத்துவது போலத்தான். அதோடு, ஒரு சைகை காட்டினால் பதிலுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பதில் ஒரு விரலின் சின்ன அசைவாக இருக்கலாம், சட்டென்று உடம்பு அடங்கி நிற்பதாக இருக்கலாம். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதோ, இப்போது பதில் சொன்னாள், பார்த்தீர்களா?" என்று காட்ட வேண்டும்.

1960களில் நெதர்லாந்தில் யான் வான் டைக் என்பவர், கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா அம்மையால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளோடு வேலை செய்து வளர்த்தெடுத்த முறைகள் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அவற்றில் ஒன்று காலண்டர் பெட்டி. வரிசையாகச் சில அறைகள், ஒவ்வொன்றிலும் அடுத்து நடக்கப்போகும் வேலைக்கு ஒரு பொருள்: சாப்பாட்டுக்கு ஸ்பூன், வெளியே போக செருப்பு. வேலை முடிந்ததும் அந்தப் பொருள் 'முடிந்தது' கூடைக்குப் போகும். நேற்று, இன்று, அடுத்து என்ன என்பதெல்லாம் கைக்குப் பிடிபடத் தொடங்கும். அட்டைப்பெட்டியிலேயே செய்துவிட்டோம், செலவு ஒன்றும் இல்லை. இப்படி ஒன்று உண்டு என்று சொல்ல ஆள் கிடைப்பதற்குத்தான் காலம் பிடித்தது.

கட்டுரையில் ஹெலன் கெல்லரும் வந்தார். வராமல் இருப்பாரா! ஆனால் அவருடைய மனவுறுதியை மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அவருக்குப் பார்வையும் செவியும் போனது 19 மாதக் குழந்தையாக இருந்தபோது; அதுவரை பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர். 1887இல் வீட்டுக்கு வந்த ஆசிரியை ஆன் சல்லிவன் 1936இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். உள்ளங்கையில் விரல்களால் எழுத்தெழுத்தாகச் சொல்லும் சைகை அந்த ஆசிரியைக்கு எங்கிருந்து வந்தது? அவர் படித்த, அமெரிக்காவின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில், அதேபோல் கண்ணும் காதும் இழந்து அங்கேயே படித்து வளர்ந்திருந்த லாரா பிரிட்ஜ்மேனோடு பேசுவதற்காகக் கற்றது. பயிற்சி பெற்ற ஒரு ஆள், 49 வருடம். இதில் பாதி அளவு துணை எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது?

கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் 'இன்டர்வீனர்' என்று ஒரு வேலையே இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒருவர். வகுப்பில் நடப்பதையெல்லாம் தொடுகை வழியாக அந்தப் பிள்ளைக்குக் கொண்டு சேர்ப்பவர். அங்கேயும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்துவிடுவதில்லை. ஆனாலும் இப்படி ஒரு வேலையை அங்கீகரித்து, பயிற்சியும் சம்பளமும் கொடுப்பதுதான் தொடக்கம். கருவி வழங்கும் விழா ஒரே நாளில் முடிந்துவிடும், படமும் எடுக்கலாம். மாதாமாதம் ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதைப் படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, நன்கொடையாளர்களுக்கு அது தோன்றுவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஓய்வும் உதவிக் கணக்கில் சேர வேண்டும். வெளிச்சம் சரியாக எட்டாத பிள்ளைகளில் சிலருக்கு உடம்பின் பகல் இரவுக் கணக்கே குழம்பிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு பிள்ளை விளையாட உட்கார்ந்தால், கூடவே விழித்திருப்பது பெரும்பாலும் அம்மாதான். முறை தெரிந்த ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அவர் தூங்குவார். மூத்த பிள்ளைக்கும் அப்பா அம்மா கொஞ்ச நேரமாவது தனியாகக் கிடைப்பார்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. காது கேட்கவில்லை என்று உறுதியான குழந்தைக்குக் கண்ணையும், கண் தெரியாத குழந்தைக்குக் காதையும் முழுமையாகப் பரிசோதியுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையைத் தூங்கும் குழந்தைக்கே செய்துவிடலாம். காதையும் கண்ணையும் பாதிக்கும் அஷர் நோய்க்குறி என்ற பரம்பரைக் குறைபாட்டில், காது கேளாமை பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும். இருட்டில் தடுமாறுவதும் பக்கவாட்டுப் பார்வை சுருங்குவதும் வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். முன்கூட்டியே தெரிந்தால், பார்வை இருக்கும்போதே பிரெய்லும் தொடுசைகையும் பழகிக்கொள்ளலாம்.

உலக மக்கள்தொகையில் 0.2 முதல் 2 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்த இரட்டைக் குறை இருப்பதாக கண்ணும் காதும் பாதிக்கப்பட்டோருக்கான உலகக் கூட்டமைப்பின் 2018 அறிக்கை மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் முதியவர்கள். குழந்தைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆங்காங்கே சிதறியும் இருக்கிறார்கள். அதனால் ஒரு பெற்றோர் இன்னொரு பெற்றோரைப் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்கு ஆசிரியைக்கு அடுத்தபடியாக உதவியது, எங்களைவிட நான்கைந்து வருடம் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம்தான்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பெர்கின்ஸ் பள்ளி இணையத்தில் பெற்றோருக்கான வீடியோக்களையும் கட்டுரைகளையும் இலவசமாக வைத்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதில் உள்ள முறைகளை, விவரம் தெரிந்த சிறப்பு ஆசிரியர் ஒருவரை வைத்துத் தமிழில், படங்களோடு தொடராக எழுத வையுங்கள். இரண்டாவது, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இதே நிலையில் உள்ள பெற்றோர் யாராவது எழுதினால், அவர்களுக்கு எங்கள் முகவரியைக் கொடுங்கள். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அதை மட்டும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்