ஊரடங்கு கால உணவுப் பணி (2020): நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் திருப்பூரில் நம் பகுதி லைன் வீடுகளில் வேலையின்றி முடங்கிய வெளிமாநில பனியன் தொழிலாளர்களுக்காக எடுத்த பணி நிறைவடைந்தது. வரவு செலவுப் புத்தகம் சங்க அறையில் இருக்கிறது. எவரும் வந்து பார்க்கலாம்.

சமையல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் பிடித்தது ஏன் என்று பலர் கேட்டீர்கள். தினம் 200 பொட்டலம், ஆளுக்கு 125 கிராம் அரிசி, ஆக நாளுக்கு 25 கிலோ மூட்டை ஒன்று. புளிசாதமோ எலுமிச்சை சாதமோ மட்டும் என்றுதான் பேச்சு. எண்ணெய் செலவு கட்டாது என்று அவர் சாம்பார் சாதத்துக்கு மாறினார். ஆவி அடங்கும் முன்பே கவரில் அடைத்ததால் உள்ளே நீர் கோத்தது. பருப்பும் காயும் சேர்ந்த சோறு ஏப்ரல் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குள் நூல்விட்டது. வண்டி சோதனையில் நின்றதும் ஒரு காரணம் என்கிறார், உண்மைதான். ஆனால் பரப்பி ஆறவைத்துக் கட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. இப்படி இரண்டு நாள் கெட்டுப்போன பொட்டலங்களைக் குழியில் போட்டு மூடினோம். அந்த இரண்டு நாள் கூலியை மட்டுமே பிடித்தோம், மீதி பைசா பாக்கியில்லை. பசித்தவருக்கான சோறு கெட்டுப்போன பிறகும் முழுத்தொகைக்குக் கையெழுத்துப் போட எங்களால் முடியாது.

பிறகு மளிகைக்கு மாறினோம். நாலு பேர் அறைக்கு வாரம் 10 கிலோ தானியம், 2 கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், உருளை, வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள். முதல் வாரம் எல்லோருக்கும் அரிசியே கட்டியது எங்கள் தவறு; பீகார் அறைகளில் பாதி மூட்டை அப்படியே கிடந்தது. அடுத்த வாரம் அவர்களுக்குப் பாதி கோதுமை மாவு, ஒடிசாக்காரர்களுக்கு முழுதும் புழுங்கலரிசி. மதிப்பீட்டைத் தாண்டிய செலவு இந்த மாவுக்கும் 5 கிலோ சிலிண்டர் நிரப்பியதற்கும் போனது. அடுப்பில்லாத அறைக்கு அரிசி கொடுத்துப் பயனில்லை.

முகக்கவசம், கிருமிநாசினி, வட்டம் போட்ட வரிசை எல்லாம் குறைவின்றி நடந்தன.

அரிசி தந்த மண்டிக்காரர்கள், பருப்பு தந்த இரண்டாம் வீதி தாய்மார்கள், பை தைத்த பவர் டேபிள் (மின் தையல் இயந்திர) யூனிட் சகோதரர்கள் (பனியன் துணி பாரத்தில் இழுபடும் என்று அடியில் இரட்டைத் தையல் போட்டார்கள்), டெம்போவை டீசலோடு தந்தவர், உண்டியலை உடைத்துக் கொடுத்த பிள்ளைகள், எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

மே மாதம், வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பலர் ஊர் திரும்பினர். மிஞ்சிய அரிசி, வண்டு வைக்கும் முன், ஊர் போகாமல் தங்கிவிட்ட அறைகளுக்கே கொடுக்கப்பட்டது.

— பணிக்குழு