ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்றால்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

கண்ணு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்தேன். ஈசிஜி, எண்டோஸ்கோபி, முதுகு எம்ஆர்ஐ, எல்லாமே நார்மல். "அப்போ நான் நடிக்கிறேனாம்மா?" என்று கேட்டிருந்தாய். இல்லைடா, வலி நிஜம். அதற்குக் காரணம் மனச்சோர்வாக இருக்கலாம். உடம்பிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியை அமுக்கி வைக்க, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு நரம்புப் பாதை இறங்குகிறது. அதற்கு செரட்டோனினும் நார்அட்ரினலினும் வேண்டும். மனச்சோர்வில் அந்த அமுக்கும் வேலை தளர்ந்துபோகிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஆடி மாசத்து ஸ்பீக்கர் மாதிரி: பாடுகிறவர் குரல் அதேதான், வால்யூமை யாரோ ஏற்றிவிட்டார்கள். ஸ்கேன் ஒயரைத்தான் பார்க்கும், வால்யூமைப் பார்க்காது.

நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தலைபாரம், நெஞ்சடைப்பு, வாயு, கைகால் குடைச்சல், உடம்பெல்லாம் எரிச்சல், அசதி என்றுதான் சொல்வோம். டாக்டருக்கு நேரம் 3 நிமிஷம். வலி என்றால் வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ். அதனால் வலியைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது என்று நீதான் கவனிக்க வேண்டும். வழக்கமாக எழும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே முழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் பிடிக்காமல் கிடப்பது பெரிய அடையாளம். காலையில் உடம்பு இரும்பாய்க் கனத்து, சாயந்திரம் கொஞ்சம் லேசாவது இன்னொன்று. ஒரே மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்குவதையும் சேர்த்துக்கொள். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ.

"சோகமா இருக்கியா?" என்று கேட்டால் நீ இல்லை என்பாய். அது பொய்யாகவும் இருக்காது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. கேரம் போர்டு பக்கம் போய் எத்தனை நாள் ஆச்சு? வஞ்சிரம் குழம்பை முன்னால் வைத்தால் ருசி தெரிகிறதா? பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடை நினைவுக்கு வந்தால் போகணும் போல இருக்கிறதா? பிடித்ததெல்லாம் சப்பென்று ஆகிவிட்டால், கண்ணில் தண்ணீர் வராவிட்டாலும் அது மனச்சோர்வாக இருக்கலாம்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பிஹெச்க்யூ-9 என்று 9 கேள்விகள் உண்டு. 2001-இல் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கடந்த 2 வாரத்தை மட்டும் நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லவே இல்லை) முதல் 3 (கிட்டத்தட்ட தினமும்) வரை போடு. அதிகபட்ச மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது நோயை உறுதி செய்யாது, சந்தேகத்தைத்தான் சொல்லும். ஆனால் 9-வது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 1 வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்காதே. அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு, இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டு டிஎஸ்ஹெச், சர்க்கரை, பி12, இவற்றை ஒரு தடவை பார்த்துவிடு. வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் பி12 குறையலாம். அது குறைந்தாலும் அசதி, மரமரப்பு, மனச்சோர்வு எல்லாம் வரும், அதனால் இதை விடாதே. மாடி ஏறும்போது நெஞ்சு வலித்து, வேர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ இழுத்தால் நேரே எமர்ஜென்சிக்குப் போ. முதுகுவலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடங்காவிட்டாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ காத்திருக்காதே. இவை எதுவும் இல்லையென்றால் இரண்டாவது எம்ஆர்ஐக்குப் பணம் கட்டாதே. நார்மல் என்று திரும்பத் திரும்பக் கேட்பதால் ஆறுதல் வராது, பயம்தான் ஏறும்.

டாக்டரிடம் போனால் வலியில் ஆரம்பிக்காதே. "2 மாசமா விடிகாலை 3 மணிக்கே முழிப்பு, எதுலயும் இஷ்டமில்ல, கூடவே வலி" என்று அந்த வரிசையில் சொல். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் ஓயாத உற்சாகத்தில் இருந்ததுண்டா என்று கேட்டால் மறைக்காதே. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் கிறுக்குப் பிடித்த வேகம் வந்துவிடலாம்.

மருந்தைப் பொறுத்தவரை வலி தூக்கலாக இருந்தால் பெரும்பாலும் டுலோக்ஸெடின் யோசிப்பார்கள். 30 மில்லிகிராமில் ஆரம்பித்து 60-க்குப் போவார்கள். இல்லையென்றால் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின். எது, எவ்வளவு என்பது அவர்கள் முடிவு. நீ தெரிந்துகொள்ள வேண்டியது நாள் கணக்கு. முதல் வாரம் குமட்டலும் படபடப்பும்தான் முதலில் வரும், பலன் வராது. நிறையப் பேர் "ஒத்துக்கல" என்று 5-வது நாள் நிறுத்துவது இங்கேதான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். பெரும்பாலும் தூக்கமும் பசியும் முன்னால் திரும்பும், வலி பின்தங்கியே வரும். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் அடித்த மாதிரி சுளீர் என்பது வரும். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

டிராமடால் கலந்த வலி மாத்திரையை மனச்சோர்வு மருந்தோடு சேர்க்காதே. டைக்ளோஃபெனாக், புரூஃபென் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். கடையில் தூக்கத்துக்கு என்று அல்ப்ரஸோலம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல். நீ பயப்படுகிற அடிமைத்தனம் அதில்தான் இருக்கிறது.

முழுநாள் படுத்துக் கிடக்காதே. நல்லாயிருக்கிற நாளில் மொத்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு 2 நாள் விழுந்து கிடப்பதும் அதே அளவு கெடுதல். வலி எப்படி இருந்தாலும் 10 நிமிஷம் நட, வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டு. பேச்சு சிகிச்சைக்கு ஆள் கிடைத்தால் விட்டுவிடாதே, மாத்திரையோடு சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும்.

கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே நம் தெருவில் சிரிப்பார்கள், அது உனக்கும் தெரியும். 1794-இல் ஆரம்பித்த மனநல ஆஸ்பத்திரி. இரண்டு நூற்றாண்டாகச் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே வேண்டாம் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, நடந்து போகிற தூரம். யாராவது பார்த்தால் தலைவலிக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள், அதுவும் உண்மைதானே.

நெல்லூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் மாதவரத்தில் விடிகாலை இறங்கிவிடலாம். ஓபி சீட்டுக்கு வரிசை நீளும் முன்னே போய்விடுவோம். ரிப்போர்ட் கட்டோடு, இப்போது விழுங்கிக்கொண்டிருக்கும் அத்தனை மாத்திரை அட்டையையும் கொண்டு வா. மெடிக்கல் ஷாப்பில் நீயே கேட்டு வாங்கியதையும் சேர்த்து.

அம்மா