பெட்டி வேண்டாம், நீ வா

திருகோணமலை,
ஞாயிறு காலை.

அன்பின் மச்சான்,

"பெட்டி போடப் போறன், என்ன வேணும் எண்டு சொல்லு" என்று வெளிநாட்டிலிருந்து கேட்டிருந்தாய். ஒன்றும் வேண்டாமடா. போன முறை வந்த பெட்டியைப் பிரித்து முடித்தபோது சாமான் ஒரு மேசை நிறைய, அதைச் சுற்றியிருந்த பொலித்தீனும் வெள்ளை நுரை ரெஜிபோமும் ஒரு உரப்பை நிறைய. அந்த உரப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று கிழமை விறாந்தையில் வைத்திருந்தேன். சொக்லேட் நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

பொலித்தீனைக் கைவிடப் பார்க்கிறேன் என்று அன்றைக்குப் போனில் சொன்னதற்குக் கேட்டாயே, "வேற வழியில்லாமல் நாங்கள் பட்ட கஷ்டத்தை நீ இப்ப கொள்கை எண்டு சொல்லுறியோ?" என்று. சுருக்கென்றுதான் இருந்தது. அம்மா ஷொப்பிங் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் நாம் படித்ததும் எனக்கும் மறக்கவில்லை. 2022இல் காஸ் இல்லாமல் நாங்கள் மறுபடி விறகடுப்புக்குப் போனபோது அதில் பெருமைப்பட ஒன்றும் இருக்கவில்லை, கண் எரிச்சல்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் சாமான் கைக்கு எட்ட வேண்டும். அம்மாவுக்கு அது எட்டவில்லை. எனக்கு எட்டுகிறது, அதனால்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

இது தொடங்கிய கதையை உனக்குச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு நடந்து போகிறேன். கோட்டை வாசல் தாண்டியதும் வழக்கம்போல மான்கள். ஒரு பெண்மான் எதையோ மென்றுகொண்டு நிற்கிறது. வாயோரத்தில் பாதி வெளியே தொங்குவது ஒரு ஷொப்பிங் பை. கிட்டப் போய்ப் பிடித்து இழுத்தேன். அது விடவில்லை. பழ வாசம் பிடித்த பை, எப்படி விடும்? கடைசியில் கிழிந்தது. என் கையில் கொஞ்சம் வந்தது, மிச்சத்தை அது விழுங்கிவிட்டது. வந்த துண்டில் ஒரு வெற்றிலை ஒட்டியிருந்தது. யாரோ அர்ச்சனைக்குக் கொண்டுவந்த பை. அதே மாதிரிப் பை ஒன்று, தேங்காயும் பழமும் வெற்றிலையுமாக, என் மற்றக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அசைபோடுகிற பிராணி அது. பொலித்தீன் செரிக்காமல் வயிற்றுக்குள் திரண்டு அடைத்துக்கொண்டால், வயிறு நிறைந்த மாதிரியே இருந்து பட்டினியில் செத்துப்போகும். அன்றைக்குச் சாமி கும்பிட மனம் ஓடவில்லை.

சரி, அப்புறம் நடந்ததெல்லாம் பகிடிதான். மீன் வாங்க முதலில் பனையோலை உமல் கொண்டுபோனேன். மீன் தண்ணி சாரத்தில் ஒழுகி, சந்தையிலிருந்து வீடுவரைக்கும் இரண்டு பூனை பின்னால் வந்தது. பிறகு மூடியுள்ள அலுமினிய வாளிக்கு மாறினேன். "அண்ணை, பால் வாங்க வந்தனீங்களோ?" என்று மீன்காரப் பொடியன் கேட்டான். இப்போது அவனே கையை நீட்டி வாளியை வாங்குகிறான்.

மீன் கழிவை வளவில் தாட்டதில்தான் மானம் போனது. நம்முடைய மணல் நிலம் உனக்குத் தெரியும், நாய் ஒருமுறை பிறாண்டினால் போதும். ஆழமாகத் தோண்டப் பஞ்சிப்பட்டேன். விடிய எழும்பினால், விரதக்காரி பக்கத்து வீட்டு மாமியின் வாசற்படியில் பாரை மீனின் தலை கிடக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை! மூன்று நாள் அவ என்னோடு கதைக்கவில்லை. இப்போது இரண்டடி ஆழத்தில் தாட்டு, மேலே கல்லும் வைக்கிறேன். அந்த உரத்தில் தேசிமரம் காய்த்துத் தள்ளுகிறது. மாமிக்கும் தேசிக்காய் போகிறது, சமாதானமாகிவிட்டா.

சட்டமும் மெல்ல மெல்லத்தான் வருகிறது. 2017 சித்திரை வருடப்பிறப்பன்று கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது நினைவிருக்கும். அந்த செப்டெம்பரில் கடைச் சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். ஆனாலும் போன மாதம் ஒரு கடையில் எனக்குச் சோறு அதில்தான் வந்தது. 2025 நவம்பரிலிருந்து ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, பில்லில் காசு போட வேண்டும். "இந்தச் சில்லறைக்காகவோ பையைக் காவுறீங்கள்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். மான் கதையைச் சொல்லப் போனால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அடிக்க வருவார்கள்.

நான் ஒன்றும் சாமியாராகவில்லை. அம்மாவின் இன்சுலின் ஊசிக்கும் பால்மா பக்கற்றுக்கும் மாற்று என்னிடம் இல்லை, அதில் கணக்குப் பார்ப்பதுமில்லை. மகளின் பிறந்தநாளுக்கு பலூன் வேண்டாம் என்று வாயைத் திறந்தேன். மனிசி பார்த்த பார்வையில் நானே போய் வாங்கிவந்தேன்.

ஆவணியில் வருகிறாய்தானே. உன் அம்மாவின் சாப்பாட்டுக் கரியர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, நாலு அடுக்கு எவர்சில்வர். நீங்கள் வெளிக்கிட்ட அன்று இடியப்பமும் சொதியும் அதில் வந்தது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை. இவ்வளவு காலமும் அலுமாரிக்கு மேலே கிடந்ததை இறக்கி, உடைந்த கொளுக்கியை ஒட்டுவித்து, இப்போது கடைச் சாப்பாடு அதில்தான் எடுக்கிறேன். மூடியில் உன் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. கடைக்காரப் பொடியன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறான்.

வந்தால் எடுத்துக்கொண்டு போ. ஆனால் எனக்கு வேறொன்று தேட வேண்டிவரும், முதலே சொல்லிவை.

உன்,
கடைசி வாங்குக் கூட்டாளி