எங்கள் தெருத் தேய்ப்புக்காரத் தம்பிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், ஊருக்கு வந்து கைகொடுத்தவர்களுக்கும்,

களி கிண்டிய உருளி அங்கணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. நேற்று திருவாதிரை. இந்த மார்கழியில் எங்கள் வீட்டில் களியும் கிடையாது, அதற்குத் தொட்டுக்கொள்ளும் ஏழுகாய்க் குழம்பான தாளகமும் கிடையாது என்று முடிவே கட்டியிருந்தேன். எப்படியோ இரண்டும் நடந்துவிட்டன. உருளியைத் தேய்த்துக் கவிழ்ப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று போய், நன்றி சொல்ல வேண்டியவர்களைத் தெருவில் பார்த்துச் சிரித்துவிட்டு மட்டும் நகர்கிற ஆளாகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்த வெள்ளத்தில் நடந்ததை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் எங்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. அடுக்களைச் சுவரில் மண்கோடு இருக்கிறது, மிக்சி மேடைக்கு ஒரு சாண் மேலே.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கடற்கரையிலிருந்து வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களைத் தூக்கிவிட்ட மீனவத் தம்பிகள், மாடியைத் திறந்துவிட்டு மூன்று நாள் முகம் சுளிக்காத மாடிவீட்டு அண்ணாச்சியும் மைனியும், சப்பாத்தியும் மெழுகுவர்த்தியுமாக மதுரையிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகள், வேறு மாவட்டங்களிலிருந்து வந்து எங்கள் சாக்கடையில் இறங்கிய தூய்மைப் பணியாளர்கள், ராத்திரி பதினொரு மணிக்குக் கம்பத்தில் ஏறிய மின்வாரியத்துக்காரர்கள், ஊரே தத்தளிக்கும்போது ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உலை வைத்த புதுக்குடிக்காரர்கள். எங்கள் கருப்பட்டி முழுக்கக் கரைந்து ஆற்றோடு போனது தெரிந்து, உடன்குடியிலிருந்து ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டீர்களே, நீங்களும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினால் தை பிறந்துவிடும்.

ஆனால் ஒருவருக்கு மட்டும் தனியாகத்தான் எழுத வேண்டும். பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெருமுனை வேப்பமரத்தடியில் துணி தேய்க்கிற தம்பி என்றால் எங்கள் தெருவுக்குப் புரியும். அவர் எனக்காகச் செய்தது ஒரு நோட்டுக்கு.

எங்கள் பெரியத்தையின் சமையல் நோட்டு அது. நீளவாக்கில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. முதல் பக்கத்தில் 1974 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருப்பாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். எனக்கு அடுப்படி கற்றுக்கொடுத்தது அம்மா இல்லை, இந்த அத்தைதான். ருசி பார்க்க விடமாட்டாள். சாமிக்குக் கைகாட்டும் முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில். “ஏட்டி, உப்பு இருக்கா இல்லையான்னு மூக்கு சொல்லும், குனிஞ்சு பாரு” என்பாள். பத்து வயதில் குனிந்து குனிந்து பார்த்து முகத்தில் ஆவி அடித்ததுதான் மிச்சம். ஆனால் பதினைந்து வயதில் உண்மையிலேயே தெரிய ஆரம்பித்தது. உப்புப் போடாத குழம்பின் ஆவிக்கு ஒரு பச்சை வாடை உண்டு. வெங்காயம் வதங்குவதைக் காதால் கேட்கச் சொல்வாள், சடசடப்பு அடங்கிச் சத்தம் மெலிந்தால் தண்ணீர் வற்றிவிட்டது. சொதிக்கு முதல் தேங்காய்ப்பால் ஊற்றுகிற நேரத்தில் யாரையும் பேசவிட மாட்டாள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் பருப்போடு சேர வேண்டும், முதல் பால் விட்டதும் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் கீழே இறக்கிய பிறகுதான். இதெல்லாம் நோட்டில் இல்லை. நோட்டில் இருப்பது “முதப்பால் கடேசி, பேச்சு வேண்டாம்” என்பது மட்டும்.

அந்த நோட்டை நான்தான் வெளியே போட்டேன். இதை மறைக்க விருப்பமில்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் மெத்தை, அரிசிச் சாக்கு, மாவு டப்பா, மகனின் சான்றிதழ்க் கோப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் எறிந்துகொண்டிருந்தபோது கையில் சேற்றுக்கட்டி மாதிரி ஒன்று வந்தது. சிவப்பு அட்டையைப் பார்த்தேன். என்னவென்று தெரிந்தது. தெரிந்தும் எறிந்தேன். அன்றைக்கு இருந்த மனநிலையில் அத்தையே வந்து நின்றிருந்தாலும் ஓரமாகப் போய் நில்லுங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் தம்பி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வேட்டித்துணிப் பொதி. “அக்கா, ஒங்க நோட்டு. பாதி வரைக்கும் காஞ்சிட்டு. மிச்சத்த நாளைக்குப் போடுதேன்” என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

குப்பையோடு அள்ளிப் போகும் முன்னால் எடுத்திருக்கிறார். அவர் கதை எங்களைவிட மோசம். தேய்ப்பு வண்டி கவிழ்ந்து சக்கரம் போய்விட்டது. தேய்க்க வாங்கி வைத்திருந்த துணி எல்லாம் எங்கே போனதோ, அதற்கும் ஆட்கள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். பெட்டி மட்டும் நின்ற இடத்திலேயே சேற்றுக்குள் கிடந்திருக்கிறது. ஆறேழு கிலோ இரும்பை ஆறு என்ன செய்யும்! ஏன் எடுத்தீங்க தம்பி என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “என் பற்று நோட்டு போயிட்டுக்கா. எவன் எவ்வளவு தரணும்னு ஒண்ணும் தெரியல. இதுவும் கணக்கு நோட்டு மாதிரி இருந்துச்சா, ஒங்களுதாவது இருக்கட்டும்னு எடுத்தேன்.”

மறுநாள் நானும் போய் உட்கார்ந்தேன். கரண்டு வரவில்லை. ஆனால் கரிப்பெட்டிக்குக் கரண்டு எதற்கு? நனையாத கரிதான் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சிரட்டை நாலைந்தை வெயிலில் வைத்து, அதை எரித்துக் கங்கு எடுத்தார். ஒட்டிப்போன தாள்களுக்கு நடுவே தென்னை ஈர்க்குச்சியைப் படுக்கவைத்து நகர்த்துவார், தலையில் ஈர் எடுக்கிற மாதிரி. பிரிந்த தாளுக்கு அடியில் செய்தித்தாள், மேலே வேட்டித்துணி, அதற்கு மேல் பெட்டி. அழுத்த மாட்டார். பெட்டியின் கனமே போதும், நான் வெறுமனே இழுக்கிறேன் என்றார். ஈரம் ஏறிய செய்தித்தாளை எடுத்துவிட்டு வேறு வைப்பார். ஒரு தாளுக்கு நாலு தடவை. பட்டுப் புடவைக்குக்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். சுத்தமாக இருந்த பக்கங்கள்தான் அதிகம் போயிருந்தன. அத்தை அடிக்கடி திறந்து, எண்ணெய்க் கையால் புரட்டிப் பிசுக்கு ஏறிய பக்கங்களில் தண்ணீர் சரியாக இறங்கவே இல்லை. புளிமிளகாய்ப் பக்கம் அப்படியே இருந்தது. கூட்டாஞ்சோறும் இருந்தது. நாங்கள் அந்தப் பிசுக்கைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்திருக்கிறோம். புளிமிளகாய்ப் பக்கத்தின் மேல் பெட்டி போனபோது துணி வழியாக வாசனை வந்தது. நல்லெண்ணெய், பெருங்காயம், கொஞ்சம் சேறு. தம்பி பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “புளிமொளகாயாக்கா?” என்றார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பக்கத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, முகர்ந்து சொன்னார். அத்தை போய் ஆறு வருடமாகிறது. நான் எழுந்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எல்லாம் மீளவில்லை. ஆரம்ப வருடங்களில் அத்தை மைப்பேனாவால் எழுதியிருந்தாள். அந்த மை தண்ணீரில் கரைகிற மை, பக்கம் முழுக்க நீலமாகிக் கிடக்கிறது. பின்னால் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறியிருக்கிறாள். அதன் மை எண்ணெய்ப் பசை, தண்ணீருக்கு அசையவில்லை. தாளகம் பழைய பக்கத்தில் இருந்தது. நீலத்துக்குள் “எள்” என்று ஒரு சொல்லும் “7 காய்” என்பதும் மட்டும் தெரிகின்றன.

திருவாதிரைக்கு மூன்று நாள் இருக்கும்போது போனைப் போட்டேன். அம்பாசமுத்திரம் சித்தி எள்ளோடு பச்சரிசியும் வறுக்கணும் என்றாள். அத்தையின் மகள், கோயம்புத்தூர் மைனி, அரிசியே கிடையாது, துவரம்பருப்புதான் என்றாள். கறுப்பு எள்ளா வெள்ளை எள்ளா என்பதில் இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு போனில் சண்டை. இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்தது ஒரே அத்தைதான்! அந்தந்த வீட்டில் அந்தந்த நேரம் என்ன இருந்ததோ அதை வைத்துச் சொல்லியிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அளவு எதுவும் நினைவில்லை. எள் வறுக்கும்போது அவள் சொன்னது மட்டும் நினைவிருந்தது: “நாலு எள்ளு வெளிய குதிச்சுதுன்னா எறக்கிரு. அஞ்சாவதுக்குக் காத்திருக்காதே.”

அரிசியும் போட்டேன், பருப்பும் போட்டேன். வாழைக்காய், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, மொச்சை, அவரை, மஞ்சள் பூசணி. சந்தை திரும்பாத நேரத்தில் ஏழு காய் சேர்த்ததில் மூன்று வீட்டுக் கை இருக்கிறது, அவர்களுக்கும் நன்றி. எள் குதிக்கும்போது மாடிவீட்டு மைனி வந்து ஏதோ கேட்டாள், நான் பதில் சொன்னேன். எத்தனை குதித்தது என்று எண்ணவில்லை.

முதல் தூக்குவாளி வேப்பமரத்தடிக்குப் போனது. கீழே களி, மேலே கிண்ணத்தில் தாளகம். சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்குக்கா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எள்ளு லேசாக் கருகிட்டோ?” என்றார். ஆமாம், கருகிவிட்டது. அடுத்த வருடம் கருகாது. போன பக்கங்களை எல்லாம் சித்தியிடமும் மைனியிடமும் கேட்டு, இரண்டு பேர் சொல்வதையும் அருகருகே எழுதப் போகிறேன், பென்சிலால். பென்சில் எழுத்துக்குத் தண்ணீரால் கேடில்லை என்று அந்த நோட்டிலேயே பார்த்துவிட்டேன், ஓரத்தில் யாரோ சின்னப்பிள்ளை போட்ட கூட்டல் கணக்கு அழியாமல் நிற்கிறது. யாரோ என்ன, நான்தான்.

நோட்டுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. இரண்டாம் முறை நீட்டியபோது கோபம் வந்துவிட்டது. அதனால் தெருக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவரிடம் பாக்கி வைத்திருக்கிறவர்கள் நாமாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு, அவர் கையில் கணக்கு இல்லை. வெள்ளத்தில் போன துணியை அதில் கழிக்க நினைப்பவர்கள், ஒருமுறை அந்தச் சக்கரமில்லாத வண்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அத்தை நோட்டின் கடைசிப் பக்கம் அவளுடைய பால் கணக்கு. அதற்குக் கீழே இடம் இருந்தது. என்னுடையதை எழுதிவிட்டேன்: தேய்ப்பு, கார்த்திகை முதல், 17 உருப்படி, பாக்கி 170 ரூபாய். உருளியைக் கழுவிவிட்டுப் போய்க் கொடுக்க வேண்டும்.