தந்தம் அல்ல, கடல்நுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கலைநயத்தோடு செதுக்கிய புகைக்குழாய்களைச் சேகரிப்பவர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை கையில் பூதக்கண்ணாடியோடு. அதற்குள் தொலைபேசி அடித்தது. மைத்துனர்தான். "அத்தான், உங்கள் அலமாரியில் இருப்பதெல்லாம் யானைத் தந்தமா? பேப்பரில் போட்டிருக்கிறதே, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடுப்பக்கப் படத்தில் இருந்த தாடிவைத்த தலைப்பாகைக்காரர், என் அலமாரியில் இருப்பவருக்குக் கூடப்பிறந்தவர் போல இருந்தார். கீழே "200 ஆண்டுப் பழமையான தந்தப் புகைக்குழாய்" என்று அச்சிட்டிருந்தீர்கள்.

அது தந்தம் அல்ல, ஒரு வகைக் கல்.

சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். பல்செட் செய்யும் ஆய்வுக்கூடத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன் (பல்லுக்கு ஓர் ஆண்டு என்று வீட்டில் கேலி செய்வார்கள்). மெழுகு, பிளாஸ்டர், அச்சு, செதுக்குக் கத்தி இவைதான் என் உலகம். ஒருநாளும் புகைத்ததில்லை. நான் வேலை பார்த்த பல் மருத்துவர் புகைப்பதை விட்ட அன்று, தம் சுங்கானை என் மேசைமேல் வைத்து, "இதைச் செதுக்கியவன் உன் சாதிக்காரன், கத்தி பிடிக்கிற சாதி, நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அலமாரியில் 41 இருக்கின்றன. கட்டுரை முழுக்கப் 'பைப்' என்றே வந்ததைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி தண்ணீர்க் குழாய் நினைவுக்கு வந்தது. சுங்கான் என்று நல்ல சொல் ஒன்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன?

இனி அந்தக் கல்லைப் பற்றி. ஜெர்மன் மொழியில் மீர்ஷாம் என்பார்கள். நேர்ப்பொருள் கடல் நுரை. கனிமவியலில் அதற்கு 1847இல் இட்ட பெயர் செபியோலைட். கணவாய் மீனின் ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. இரண்டும் அப்படி ஒத்திருக்கும், வெளுப்பாக, எடையற்று, நுண்துளைகளோடு. நம் மொழியில் அதே கணவாய் ஓட்டுக்குப் பெயர் என்ன? கடல்நுரை! ஜெர்மானியரும் கிரேக்கச் சொல்லைத் தேடியவரும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்த இரண்டு பொருளையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. எனவே 'கடல்நுரைக் கல்' என்று எழுதினால் அகராதியைப் புரட்டாமலே வாசகருக்குப் பாதி விளங்கிவிடும்.

துருக்கியில் எஸ்கிஷெஹிர் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் இது முண்டு முண்டாக வெட்டி எடுக்கப்படுகிறது. ஈரம் இருக்கும்வரை சோப்புக்கட்டி போலக் கத்திக்கு இணங்கும். செதுக்கி, உலரவைத்து, இழைத்து, உருக்கிய தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பேர்போன நகரம் வியன்னா. கச்சாக் கல்லை வெளியே அனுப்ப 1970களில் துருக்கி தடை போட்ட பிறகு, செதுக்கும் வேலை பெரும்பாலும் கல் பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

மெழுகைப் பற்றி இவ்வளவு பேசும் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கொடுத்த சுங்கானில் நாற்றம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் சோப்பைக் கரைத்து அதில் போட்டேன். கல்லாயிற்றே, அடியில் போய்க் கிடக்கும் என்று நினைத்தேன். மிதந்தது. வேடிக்கையாக இருக்கிறதே என்று அதை விரலால் அமுக்கிப் பிடித்தேன். சற்று நேரத்தில் நீரின்மேல் வட்ட வட்டமாக ஏதோ படர்ந்தது. தேன்மெழுகு! அறுபது டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருகிவிடும் என்று எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருப்பேன்? பதறி வெளியே எடுத்தபோது கட்டைவிரல் நகம் தலைப்பாகைக்காரரின் தாடியில் பதிந்துவிட்டது. மூன்றாவது சுருளுக்குக் குறுக்கே, பிறைபோல ஒரு கோடு. காய்ந்த பிறகு கல் இறுகிவிட்டது, கோடும் அப்படியே நின்றுவிட்டது. மருத்துவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. அவர் உங்கள் இதழை விடாமல் படிப்பவர் என்பதால் இனிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

படத்தைப் பார்த்தே எப்படிக் கல் என்கிறீர்கள் என்றால், நிறத்தை வைத்துத்தான். கழுத்தில் அடர்ந்த பழுப்பு, தாடியில் தேன்நிறம், தலைப்பாகையின் உச்சியில் வெளுப்பு. புகையும் எண்ணெய்ப் பசையும் துளைகளில் ஊறும்போது தண்டையும் அடிப்பாகத்தையும்தான் முதலில் பிடிக்கும், பிறகு மேலே ஏறும். தந்தத்துக்கு வயதானால் மஞ்சள் தட்டும். இப்படிப் படிப்படியாக ஏறாது. தவிர, நெருப்பு கனலும் கிண்ணத்தைத் தந்தத்தில் குடைந்தால் கருகி வெடிக்கும். வாய்ப்பிடியிலோ பூணிலோ தந்தம் வருவதுண்டு. கையில் கிடைத்தால் இன்னும் சுலபம்: தந்தம் கனக்கும், தொட்டால் குளிரும், குறுக்கே வெட்டிய பக்கத்தில் வலைபோலக் கோடுகள் தெரியும். கடல்நுரைக் கல்லைத் தூக்கினால் கைதான் ஏமாறும், அவ்வளவு லேசு.

200 ஆண்டு என்பதும் சந்தேகம். வாய்ப்பிடியும் தண்டும் சேரும் இடத்தில் வெள்ளை நைலான் செருகி எட்டிப் பார்க்கிறது. நைலான் என்ற பொருளையே உலகம் அறிந்தது 1938இல். வாய்ப்பிடியைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லாமல் வயதை மட்டும் சொல்வது, புதுப் பல்செட் போட்டவரை இளைஞர் என்பதற்கு நேர்மாறான தவறு.

கல்தூளையும் சில்லுகளையும் ஒட்டி அழுத்தி அச்சில் செய்தவையும் சந்தையில் உண்டு. இதைக் கண்டுபிடிக்க என் தொழில் உதவியது. அச்சிலிருந்து ஒன்று கழன்று வர வேண்டுமென்றால் அதில் ஆழமான உட்குழிவு இருக்கக் கூடாது. என்னிடம் ஒரு கழுகுக்கால் சுங்கான் இருக்கிறது. நகங்கள் ஒரு முட்டையைக் கவ்விப் பிடித்திருக்கும், முட்டைதான் கிண்ணம். ஒவ்வொரு நகத்துக்கும் முட்டைக்கும் இடையே காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. நகத்தின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்கப் போகாத இடத்தில், கத்தி இழுத்த தடம் உண்டு. அது அச்சில் வராது.

கட்டுரையாளரின் ஒரு வரியோடு எனக்கு உடன்பாடில்லை. செதுக்கல் எல்லாம் புகைப்பவரின் பகட்டை ஊருக்குக் காட்டத்தான் என்கிறார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் மண்மேடுகளில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமையான கல் சுங்கான்களைப் பார்க்கட்டும். பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பறவையும் தவளையும் நீர்நாயும் பெரும்பாலும் புகைப்பவரை நோக்கியே முகம் வைத்திருக்கும். ஊருக்குத் தெரிவது முதுகு. கனடாவின் மேற்குக் கரைத் தீவுகளில் ஹைடா மக்கள் 19ஆம் நூற்றாண்டில் கருங்களிக்கல்லில் செதுக்கியவையோ மாலுமிகளுக்கு விற்பதற்கென்றே செய்தவை. பலவற்றில் யாரும் புகையிலை வைத்ததே இல்லை. பகட்டு எங்கே வந்தது?

சுங்கான் சேர்க்கும் நாங்கள் புகைப்பழக்கத்தை வளர்க்கிறோம் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வாள் சேர்ப்பவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

தந்தம் என்ற தவறு மட்டும் சும்மா விடக்கூடியது அல்ல. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. தாத்தாவின் கல் சுங்கானைத் தந்தம் என்று பயந்து யாராவது குப்பையில் போடலாம். தந்தம் என்று நம்பி யாராவது அதிக விலை கொடுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் அந்தப் படக்குறிப்பு போதும்.

திருத்தம் வெளியிட இடமில்லை என்றால், இணையப் பதிப்பிலாவது அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுங்கள். என் மைத்துனர் அதைத்தான் படிக்கிறார்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பல்செட் தொழிலாளி