இருபது நிமிடம் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கும் ஆசிரியர் பயிற்சிக் குழுவினருக்கும்,

வணக்கம். பயிற்சி நாளுக்காக ஒரு விளையாட்டை வைத்து நான் கொடுத்தனுப்பிய உறை போன வாரம் திரும்பி வந்தது. ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது. மேலே ஒரு குறிப்பு: "பயிற்சி நாளில் விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை." உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நேரமில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. மருத்துவ அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது. இரண்டு முறை நேரில் வந்தும் பேசியிருக்கிறேன். ஆகவே அவளுக்கிருக்கும் ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்றால் என்ன என்று மறுபடி ஆரம்பிக்கப்போவதில்லை. டைரியில் சிவப்பு மையில் வந்த ஒரே ஒரு வரிதான் என் பிரச்சினை: "ஏன் செய்யவில்லை என்று கேட்டால், 'தெரியலை மிஸ்' என்று திமிராகச் சொல்கிறாள்."

அதைப் படித்த இரவுதான் இந்த விளையாட்டை எழுத உட்கார்ந்தேன். தனி ஆளாக ஆடும் ரோல்பிளே. நடத்திக்கொடுக்க ஆள் வேண்டாம். பகடையும் சீட்டுக்கட்டும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆடுபவர் பத்து வயதுப் பிள்ளையாக இருந்து, நடப்பதை நோட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

முதலில் மூன்று துண்டுத்தாள்களை எடுத்து, ஒரு முறை படித்துவிட்டுக் கவிழ்த்து வைப்பீர்கள். "42-ஆம் பக்கத்தைத் திற." "மூன்றாவது கணக்கிலிருந்து தொடங்கு." "முடித்ததும் நோட்டை மேசையில் வை." அப்புறம் சுற்றுக்கு ஒரு சீட்டு. கறுப்பு வந்தால் எங்கேயோ ஒரு பென்சில் உருள்கிறது, யாரோ இருமுகிறார்கள். பகடையை உருட்டுங்கள், ஒன்றோ இரண்டோ விழுந்தால், கவிழ்த்த தாள்களைக் கலைத்து, பார்க்காமல் ஒன்றை அப்புறப்படுத்த வேண்டும். சிவப்பு வந்தால் உங்களுக்குப் பிடித்த ஏதோ ஒன்று மனதுக்குள் வந்துவிட்டது; அதைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள், அடுத்த சுற்று உங்களுக்கு இல்லை. பத்துச் சுற்று முடிந்ததும் மிச்சமிருக்கும் தாளை வைத்துத்தான் வேலையை முடிக்க வேண்டும். போன தாளில் என்ன இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதுதான் விதி.

கடைசியில் ஒரு கேள்வி: "ஏன் செய்யவில்லை?" பிள்ளையின் வாயால் ஒரு வரியில் பதில் எழுத வேண்டும். "பகடையில் இரண்டு விழுந்தது" என்று எழுத முடியாது. பகடை இருப்பதே அவளுக்குத் தெரியாதே. நான் ஆறு முறை ஆடிப் பார்த்தேன். பொய் சொல்லாமல் எழுதினால் ஆறு முறையும் ஒரே பதில்தான் வந்தது. அது எந்தப் பதில் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் டைரியில் இருக்கிறது.

நான் கேட்பது இருபது நிமிடம். அடுத்த பயிற்சி நாளில், ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனி மேசையில். குழுவாக வேண்டாம், குழுவாக ஆடினால் யாராவது நடித்துக் காட்டுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். தனியாக இருந்தால்தான் "இவ்வளவு முயன்றும் ஏன் வரவில்லை" என்ற எரிச்சல் தன் மேலேயே திரும்பும்.

போன பயிற்சியில் பெற்றோருக்கான பின்வரிசையில் நானும் இருந்தேன். கவனக் குறைபாடு பற்றி ஒரு மணி நேர உரை. பாதி நேரம் தாண்டுவதற்குள் எத்தனை கைகள் போனைத் தேடின என்று நான் எண்ணவில்லை, அது மரியாதையாக இருக்காது. ஸ்லைடு முழுக்க நாற்காலி மேல் ஏறும் பையன்கள். சத்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. "ஓவியம் வரையும்போது மட்டும் எப்படிக் கவனம் வருகிறது?" என்று ஒருவர் கேட்டார், அரங்கமே தலையாட்டியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டிலேயே பதில் இருக்கிறது: மிகவும் பிடித்த வேலையிலோ, புதிய சூழலிலோ, ஒருவர் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்ளும்போதோ அறிகுறிகள் வெளியே தெரியாமலே போகலாம். மனசு வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி இல்லை. என் விளையாட்டில் சிவப்புச் சீட்டு அதற்காகத்தான். ஆனால் அதைச் சொல்ல அன்று பெற்றோருக்கு மைக் தரவில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். (பகடையில் இரண்டு விழுந்திருக்கும்.)

இருபது நிமிடத்தில் அவள் வாழ்க்கை புரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் நோட்டை மூடிவிட்டு எழுந்து போகலாம். அவளுக்கு உடனே அடுத்த பீரியட். சலுகை மதிப்பெண்ணும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிப் பதிலை உங்கள் கையால் ஒரு முறை எழுதிப் பார்க்கத்தான் கேட்கிறேன்.

உறையை மறுபடி அனுப்பியிருக்கிறேன். பகடை, சீட்டுக்கட்டு, பென்சில் எல்லாம் எத்தனை பேருக்கு வேண்டுமோ அத்தனையும் நானே கொண்டுவருகிறேன். தேதியை மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த முறை பசையை ஒட்டவில்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்