காலாண்டு விடுமுறையும் மைசூர்ச் சுற்றுலாவும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை
27.09.2023

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு இன்றோடு முடிந்தது. விடைத்தாள் திருத்தும் வேலையை ஆசிரியர்கள் தொடங்கிவிட்டார்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் மதிப்பெண் பட்டியல் உங்கள் கைக்கு வரும். ஜூன் முதல் இதுவரை பிள்ளைகள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். கபடி, கோகோ அணிகள் கோப்பையோடு திரும்பின. அறிவியல் கண்காட்சியும் சுதந்திர தின விழாவும் ஆசிரியர் தினமும் குறைவில்லாமல் நடந்தன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் காம்பவுண்டு ஓரமாக நட்ட வேப்பங்கன்றுகளில் பாதிக்கு மேல் பிழைத்துவிட்டன. நம் தெருவில் திரியும் ஆடுகளை நினைத்தால் இது சாதனைதான். உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தில் நீங்கள் தேடுவது இதை அல்ல என்று எனக்குத் தெரியும்.

மைசூர்ச் சுற்றுலா இந்த விடுமுறையில் இல்லை. ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் நாளை மாலை மணியாச்சியில் ஏற வேண்டிய தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுகளை நேற்று மதியமே ரத்து செய்துவிட்டோம். குறுஞ்செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும். இரண்டு வரிச் செய்தியில் முடிவைத்தான் சொல்ல முடிந்தது. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்த வருடம் தென்மேற்குப் பருவமழை கர்நாடகத்தில் பொய்த்துவிட்டது. காவிரி டெல்டாவில் குறுவை நெல் கருகியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காவிரி நீர் மேலாண்மை ஆணையம் தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 5,000 கன அடி திறக்கும்படி கர்நாடகத்துக்குச் சொன்னது. அதில் தலையிட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் 21ஆம் தேதி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே போராட்டம் சூடுபிடித்தது. நேற்று, 26ஆம் தேதி, பெங்களூரில் பந்த். நாளை மறுநாள், 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை, கர்நாடகம் முழுவதற்கும் பந்த் என்று கன்னட அமைப்புகள் அறிவித்திருக்கின்றன. நேற்று காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கூடி, இனி 3,000 கன அடி என்று பரிந்துரைத்திருக்கிறது. அதில் அவர்களுக்கும் திருப்தி இல்லை, நமக்கும் திருப்தி இல்லை. ஆகவே இரண்டு நாளில் அடங்கும் விஷயமாக இது தெரியவில்லை.

நம் வண்டி மைசூர் போய்ச் சேருவது அதே வெள்ளிக்கிழமை காலையில். அதுவும் பெங்களூரைத் தாண்டி ராமநகரா, மத்தூர், மண்டியா வழியாக. போராட்டத்தின் நடுவீடே மண்டியாதான். இன்னொன்றும் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம் போட்டிருந்த திட்டம் பிருந்தாவன் தோட்டம். அது எங்கே இருக்கிறது? கிருஷ்ணராஜ சாகர் அணையின் காலடியில். எந்த அணையின் தண்ணீருக்காக மாநிலமே கடையடைக்கிறதோ, அதே அணைக்கு, அதே நாளில், தமிழ்நாட்டுப் பள்ளிச் சீருடையில் எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இறக்கிவிடுவதாக நம் திட்டம் இருந்தது. ஜூலையில் தேதி குறித்தபோது இப்படி வந்து பொருந்தும் என்று யார் கண்டது.

ரத்து செய்வதா வேண்டாமா என்பதில் பெற்றோர் இரண்டாகப் பிரிந்து நின்றீர்கள். இரண்டு பக்கமும் சொன்னவற்றை நான் கேட்டேன். பெங்களூரில் மளிகைக்கடையும் பேக்கரியும் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்! சித்தப்பா, தாய்மாமா, அத்தான் என்று ஆளாளுக்கு ஒரு போன் போட்டு விசாரித்திருக்கிறீர்கள். "இங்கன ஒண்ணுங் கிடையாது, டிவிக்காரன் பேச்சைக் கேட்டு நிக்காதீய, பிள்ளைகளைத் தாராளமா அனுப்புங்க" என்று ஒரு மாமா சொன்னதை எனக்கே ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். அவர் சொன்னது பொய் இல்லை. நேற்றைய பந்த் பெரும்பாலும் அமைதியாகவே போயிற்று. நேற்றுச் சாயங்காலமே "பார்த்தீர்களா சார், ஒன்றும் நடக்கவில்லையே" என்று சிலர் கேட்டும்விட்டீர்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தில் 144 தடை போட்டிருந்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. நம் மாநிலப் பேருந்துகள் ஓசூரை அடுத்த எல்லையான ஜூஜுவாடியிலேயே நின்றுவிட்டன. இவ்வளவும் இருந்ததால்தான் ஒன்றும் நடக்கவில்லை. கடை வைத்திருக்கும் மாமா ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம். மூன்று பேர் குடும்பமாகப் போனால் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அறையிலேயே பொழுதை ஓட்டலாம். எண்பது பிள்ளைகள் ஸ்டேஷனில் இறங்கி நிற்கும்போது சாப்பாட்டுக் கடை இல்லை, ஏற்பாடு செய்த பஸ் வரவில்லை என்றால் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பிள்ளைகள் ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொள்பவர்கள். யாரும் கல்லெறிய வேண்டியதே இல்லை. எல்லாம் அமைதியாக மூடிக் கிடந்தாலே நமக்குத் திண்டாட்டம்தான்.

பஸ்ஸில் போகலாமே என்று ஒரு யோசனை வந்தது. சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலை ஏறி சாம்ராஜ்நகர் போய்விட்டால் பெங்களூரும் மண்டியாவும் குறுக்கே வராது என்றார்கள். வரைபடத்தில் சரிதான். ஆனால் திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அதைவிட முக்கியம், ரயில் பெட்டிக்கு மாநிலப் பதிவெண் கிடையாது. பஸ்ஸின் முன்னாலும் பின்னாலும் டிஎன் 72 என்று எழுதியிருக்கும். ஒரு நாள் தள்ளிப் போகலாம் என்ற யோசனையும் வந்தது. மிலாது நபி, சனி, ஞாயிறு, காந்தி ஜெயந்தி எல்லாம் சேர்ந்து வரும் வாரத்தில் எண்பது பேருக்குப் புதிதாகப் படுக்கை டிக்கெட் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை நெல்லை சந்திப்பில் வந்தே பாரத் கிளம்பியதைப் பார்த்துவிட்டு வந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அண்ணன்மார் அதிலே போகலாமே சார் என்றான். அது சென்னைக்குப் போகும் வண்டியப்பா என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று மதியம் வரை ஏன் காத்திருந்தோம் என்றும் கேட்டிருந்தீர்கள். வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே உறுதியான படுக்கை டிக்கெட்டை ரத்து செய்தால் ஆளுக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். அந்த நேரம் தாண்டினால் கட்டணத்தில் கால் பங்கு போகும். 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் பாதி. நேற்று மாலையோடு அந்த முதல் கெடு முடிந்தது. பெங்களூர் நிலவரத்தை மதியம் வரை பார்த்துவிட்டு, கெடுவுக்கு முன்னால் முடிவெடுப்பது என்று திங்கட்கிழமையே தீர்மானித்திருந்தோம். அப்படியே செய்தோம். மைசூரில் நமக்கு அறை ஒதுக்கியிருந்த விடுதிக்காரர் கன்னடர். நாங்கள் கேட்காமலே அவரே போன் செய்து, சின்னப் பிள்ளைகளோடு இந்த வாரம் வர வேண்டாம் என்றார். தன் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன மனிதரின் பேச்சுக்கு நான் அதிக எடை கொடுத்தேன்.

அடுத்து எழுதப்போவதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

திங்கட்கிழமை இரவு வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றியது. வரிசையாகப் பேருந்துகள் எரிகின்றன. "இன்று பெங்களூர், நம் பிள்ளைகள் பத்திரம்" என்று தலைப்பு. அது இந்த வருடத்து வீடியோ அல்ல. 2016 செப்டம்பர் 12 அன்று எரிந்த பேருந்துகள் அவை. அந்த ஒரு வீடியோவால் அன்று இரவு எத்தனை வீட்டில் தூக்கம் போயிற்று என்று எனக்கு வந்த அழைப்புகளே சொல்லும். அதே 2016இல் ராமேஸ்வரத்தில் கர்நாடகப் பதிவெண் வண்டி ஓட்டிவந்தவரை நம் ஆட்கள் அடித்த வீடியோவும் இருக்கிறது. அதை யாரும் பகிரவில்லை. பந்த் நடக்கும் வாரத்தில் பழைய வீடியோவை இன்றையது என்று அனுப்புவது அக்கறை ஆகாது. இனி வகுப்புக் குழுவில் எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியாத வீடியோவைப் போடுகிறவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். அவர் யாராக இருந்தாலும் சரி.

இரண்டாவது விஷயம். அதே இரவு பதினோரு மணிக்கு மேல் ஒரு வகுப்பாசிரியையை அழைத்து, "பணம் வாங்கத் தெரியுதுல்ல, கூட்டிட்டுப் போகத் தெரியாதா" என்று ஒருவர் ஒருமையில் பேசியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவர் அதே ஆசிரியையை அழைத்து, "என் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றிருக்கிறார். ஒருவருக்குப் போக வேண்டும், இன்னொருவருக்குப் போகக் கூடாது, இரண்டு பேருக்கும் அகப்பட்டது அந்தப் பெண்தான். இந்தப் பள்ளியில் சுற்றுலா போவதையும் நிறுத்துவதையும் முடிவு செய்கிறவன் நான். கோபம் இருந்தால் காலை ஒன்பதரைக்கு என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம். ஆசிரியர்களின் வீட்டு எண்ணுக்கு இரவில் அழைத்து மரியாதை இல்லாமல் பேசுவது இத்தோடு நிற்க வேண்டும். மறுபடி நடந்தால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பெயரோடு வைப்பேன்.

இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. இதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். நேற்று ஒன்பதாம் வகுப்பு வாசலில் சில பையன்கள் கன்னடக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விதம் நன்றாக இல்லை. வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை நம் மாநில எல்லையைத் தாண்டுவதே இல்லை. அந்த யோகத்தால் ஆற்றுத் தண்ணீருக்காக அடுத்த மாநிலத்தோடு வழக்குப் பேசும் வேலை இந்த ஆற்றில் நமக்கு வந்ததில்லை. ஆகவே காவிரிக் கதை நம் பிள்ளைகளுக்கு டிவியில் பார்க்கும் சண்டை மட்டும்தான். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து கர்நாடகம் வருடத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மழை குறைந்த வருடத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தகராறு வருகிறது, அந்தப் பக்கமும் வயல் காய்ந்த விவசாயிகள்தான் தெருவில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் சமூக அறிவியல் ஆசிரியர் பள்ளி திறந்ததும் இரண்டு பாடவேளை எடுத்துச் சொல்வார். அதுவரை வீட்டில் நீங்களும் கொஞ்சம் பேசுங்கள். பந்த் நாளில் போக வேண்டாம் என்பதால்தான் நிறுத்தினோம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல.

பணத்துக்கு வருகிறேன். ரயில் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பிடித்தம் போகும் 120 ரூபாயைப் பள்ளியே ஏற்கும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி முடித்துவிட்டோம். விடுதி முன்பணத்தை அடுத்த பயணத்துக்குக் கணக்கில் வைத்துக்கொள்வதாக அந்த விடுதிக்காரர் சொல்லியிருக்கிறார். வேண்டாம், பணமாகவே வேண்டும் என்பவர்களுக்குப் பள்ளி கொடுத்துவிடும். அரையாண்டு விடுமுறையில் மைசூர் போக முடியுமா என்பதை நவம்பரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இப்போது வாக்கு ஏதும் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அதே பிள்ளைகளை ஆதிச்சநல்லூர் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். போன மாதம் 5ஆம் தேதிதான் அங்கே அகழாய்வு நடந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிக்குள் முதுமக்கள் தாழிகள் கிடந்தபடியே கிடக்க, மேலே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து பெர்லினுக்குப் பொருள்களை எடுத்துப்போன கதையைத் தமிழாசிரியர் வழியில் சொல்வார். திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. "மைசூர் எங்கே, ஆதிச்சநல்லூர் எங்கே சார்" என்று பதினொன்றாம் வகுப்பில் முணுமுணுப்பு கேட்டது. கேட்கத்தான் செய்யும். புது பேக்கும் ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருந்த பிள்ளைகள்.

முடிவு எதுவாக இருந்தாலும் சரி சார், பிள்ளைகள் நல்லபடியாக இருந்தால் போதும் என்று ஒரே வரியில் செய்தி அனுப்பிய பெற்றோர் பலர். நாளை மிலாது நபி அன்று பிள்ளைகள் மதியம் வரை வீட்டில் இருந்துவிட்டு மாலையில் நேராக மணியாச்சிக்கு வருவதாக எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்த மேலப்பாளையம் குடும்பங்கள், ரத்து என்றதும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வழித்துணைக்கு வருவதாக இரண்டு அம்மாக்கள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்பதிவு மையத்தில் அத்தனை டிக்கெட்டையும் ரத்து செய்ய உடன் வந்து வரிசையில் நின்ற தந்தையர் இருவர். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பள்ளி அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை திறக்கும். 4ஆம் தேதி முதல் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு மேல் ரசீதைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ரசீது தொலைந்திருந்தால் பிள்ளையின் அடையாள அட்டை போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்